ஆண்டவருக்கு வலது முழங்கால்

போன வாரம் ஆரோக்கியதாஸ் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபி அன்றைக்கே ஆறிவிட்டது. அவர் மனசுதான் இந்த வெள்ளிக்கிழமை விடிந்தும் ஆறவில்லை.

இந்த வீட்டுச் சண்டை பழகியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியதாஸின் ஒரே மகள் லின்சிக்கு வலது கால், இடது காலைவிட நாலு சென்டிமீட்டர் குட்டை. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூட ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். தொடை எலும்பு வளருகிற இடத்திலேயே அடி. அதற்குப் பிறகு இடது கால் பாட்டுக்கு வளர, வலது கால் பின்தங்கிவிட்டது.

இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. எலும்பை அறுத்து, உள்ளே ஒரு கம்பியை வைத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக நீட்டிக் காலைச் சரிசெய்துவிடலாம் என்கிறார் ஆர்.எஸ்.புரத்து டாக்டர். மகள் சரி என்றாள். அம்மா ஜெபராணி சரி என்றாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"ஒரு மில்லிங்கறது என்னன்னு எனக்குத் தெரியும் புள்ள. இரும்புல ஒரு மில்லி தப்புனா வேற இரும்பு எடுத்துக்கலாம்" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் கால் பலமாக வேண்டும். பலமில்லாத காலில் அவர் கத்தி வைக்க மாட்டார். அதற்கான பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் ரைஹான் ஒரு வீடியோவாக அனுப்பியிருந்தான்.

அந்த வீடியோவில் அரை டிராயர் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். ஜெபராணி அதை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. இந்தக் குடும்பத்தின் கஷ்டங்களில் பாதி அப்படிப் பிறந்தவைதான்.

"உக்காந்து எந்திரிக்கறதுதானே? அதையே சிலுவைப்பாதையாப் பண்ணிப்போட்டா ஆண்டவருக்கும் ஆச்சு, காலுக்கும் ஆச்சு!"

இயேசு சிலுவை சுமந்த வழியில் பதினாலு நிலை, நிலைக்கு ஒரு படம். நிலைக்கு ஒரு தடவை முழங்கால் ஊன்றி எழ வேண்டும். பழைய காலண்டர்களிலிருந்து படங்களை வெட்டி, சமையலறை வாசலிலிருந்து மொட்டைமாடிப் படி வரைக்கும் ஒட்டினாள். சுவரில் இடம் போதாமல் பன்னிரண்டாவது படம் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனது. அந்த நிலை முடியும்வரை வீட்டில் யாருக்கும் பால் கிடையாது.

புது வருடம் பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் மூன்று பேரும் சேர்ந்து இதைச் செய்தார்கள். சாம்பல் புதனுக்கு எத்தனையோ நாள் முன்னாலேயே தவக்காலம் தொடங்கிய வீடு கணபதியில் இது ஒன்றுதான்.

இன்றைக்குத்தான் அந்தப் பயிற்சிக்குப் பரீட்சை. காலையில் கிளினிக்கில் ரைஹான் காலைச் சோதித்துப் பார்ப்பான். பலம் போதும் என்று அவன் சொன்னால் ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஆபரேஷன். போதாது என்றால் தள்ளிப்போகும்; அதற்குப் பிறகு டாக்டர் வெளிநாடு போய்விடுகிறார். திரும்பி வர ஒரு வருடமாகும்.

ஜெபராணிக்குச் சந்தேகமே இல்லை. அவள் இட்லிக்குச் சட்னி அரைத்தபடியே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியதாஸ் வாசற்படியில் உட்கார்ந்து லின்சியின் வீட்டுச் செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அவளுக்கு மூன்று ஜோடி உண்டு: வீட்டுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, கோயிலுக்குள் போக ஒன்று. மூன்றிலும் வலதுக்கு அடியில் கனமான ரப்பர் கட்டை. எல்லாம் அவர் கையால் செய்தவை. மகள் வளர வளர அவர் கட்டையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

"மறுக்கா பிஞ்சுபோச்சுங்களா?" என்றாள் ஜெபராணி.

"முன்னாடி முனை மட்டும்."

"என்ன பசைங்க போடறீங்க? ஒட்டுன கையோட பிய்யுது!"

"பசை நல்ல பசைதான்" என்றார் அவர். ஏதோ சொல்ல வந்தவர் போல நிமிர்ந்து பார்த்தார். பிறகு செருப்பை இடுக்கியில் வைத்து இறுக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

"நீங்களும் வாங்களேன். புள்ளைக்கு ஒரு தெம்பா இருக்கும்."

"பெரியநாயக்கன்பாளையத்துக்காரங்களுக்கு பம்ப் ஷாஃப்ட் இன்னிக்குக் குடுக்கோணும்."

"அந்த ஷாஃப்ட் பொங்கலுக்கு முன்னாடி இருந்து குடுக்கறீங்க!"

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். லின்சி தலைமுடியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்து, அப்பா போன திசையைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு நான் பாஸாகறதுல இஷ்டமில்லையாம்மா?"

"சும்மா இரு கண்ணு. ஆம்பளைங்களுக்குப் பயத்தக் கோவமாத்தான் காட்டத் தெரியும். ஏறு வண்டியில."

ஏறு என்றாளே தவிர, ஸ்கூட்டரை ஓட்டியது லின்சிதான். பின்னால் உட்கார்ந்து வழி நெடுக பிரேக் போட்டவள் ஜெபராணி.

*

ரைஹானுக்கு லின்சியைவிட ஒன்றிரண்டு வயது அதிகம் இருக்கும். பேசும்போது சிரிப்பான், காலைத் தொட்டால் சிரிக்க மாட்டான்.

"ஈஸிதாங்க. இந்த நாற்காலியில உக்காந்து, ஒரு கால நீட்டிக்கோங்க. கை ஊனாம, இன்னொரு காலால மட்டும் எந்திரிக்கோணும். மொதல்ல நல்ல கால் பாத்துடலாம்."

லின்சி வலது காலை நீட்டிக்கொண்டு, இடது காலால் எழுந்தாள். எழுந்தாள் என்பதைவிட, நாற்காலியே அவளை மேலே தூக்கிவிட்டது என்று சொல்லலாம். மறுபடியும் உட்கார்ந்து எழுந்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

ரைஹான் புருவத்தைத் தூக்கினான். "என்னங்க இது! ஃபுட்பால் ஆடறீங்களா?"

"சிலுவைப்பாதை, தம்பி" என்றாள் ஜெபராணி. அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஃபிரிட்ஜ் கதவுவரை முழுக் கதையும் சொல்லி முடித்தாள்.

"சூப்பரும்மா. இப்ப வலது."

லின்சியின் வலது பாதத்துக்கு அடியில் ஒரு பலகையை வைத்து உயரத்தைச் சமன் செய்தான். அவள் இடது காலை நீட்டினாள். முன்னால் சாய்ந்தாள். பல்லைக் கடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் சாய்ந்தாள். இந்தத் தடவை நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழுந்து, கால் வெடவெடவென்று நடுங்கி, பொத்தென்று உட்கார்ந்தாள்.

"கால் மரத்துப்போயிருக்கும் தம்பி. வண்டி ஓட்டிட்டு வந்துது பாருங்க" என்றாள் ஜெபராணி.

ரைஹான் நாடாவை எடுத்து இரண்டு தொடைகளின் சுற்றளவையும் அளந்தான். இன்னொரு தடவை அளந்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க ஊட்டுல எப்படிப் பண்றீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

அம்மாவும் மகளும் கிளினிக் நடுவில் நின்றார்கள். எதிரே சுவரில் முதுகெலும்புப் படம் ஒன்று தொங்கியது. வேறு படம் இல்லாததால் அதையே முதல் நிலையாக வைத்துக்கொண்டு, ஜெபராணி கைகூப்பி வலது முழங்காலை ஊன்றினாள். லின்சியும் ஊன்றினாள். இருவரும் எழுந்தார்கள். மறுபடி ஊன்றினார்கள்.

தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ரைஹான் மெதுவாகக் கேட்டான்.

"எப்பவும் வலது முழங்கால்தானா?"

"பின்னே? ஆண்டவருக்கு வலதுதான் தம்பி."

"இடது ஊனவே மாட்டீங்களா?"

"அது ராஜாக்களுக்கு. மனுசனுக்கு இடது, தெய்வத்துக்கு வலது. இதுல தப்பவே கூடாது. எம்பட ஊட்டுல ஒருத்தரும் தப்ப மாட்டோம்."

ரைஹான் ஒரு பெருமூச்சு விட்டான். "அம்மா, வலது முழங்கால் தரைக்குப் போனா, உடம்பத் தூக்கறது எந்தக் கால்?"

ஜெபராணி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவளைச் சுமந்த கால்களை முதல்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"எடது" என்றாள் லின்சி.

"அதேதாங்க. புது வருசத்துல இருந்து நீங்க நல்ல காலுக்குத்தான் பயிற்சி குடுத்திருக்கீங்க. ஆபரேஷன் பண்ணப்போற கால் சும்மா தரையில படுத்து ரெஸ்ட் எடுத்திருக்குது."

காத்திருந்தவர்களில் யாரோ ஒருவர் சிரித்தார். ஜெபராணி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"கொஞ்சம் பாத்துப் பாஸ் போட முடியாதுங்களா?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"நான் போடலாம்மா. கால் ஒத்துக்காதே. எலும்ப கம்பி நீட்டிப்போடும். சதை தானா நீளாது. பலமில்லாத சதை இறுகிக்கும். இறுகுனா முழங்கால் மடங்காம நின்னுபோகும். நீளமான காலாத்தான் இருக்கும், ஆனா மடக்க முடியாது. அதுக்குத்தான் முன்னாடியே இந்தப் பாடு படுத்தறோம்."

லின்சி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ரைஹான் அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"கால்ல குறையொண்ணும் இல்லீங்க. வேலை குடுக்கல, அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் வாங்க. அதுவரைக்கும் நான் டாக்டர்கிட்டச் சொல்லித் தேதியப் பிடிச்சு வெக்கறேன். வீடியோவப் பாத்தும் பண்ணுங்க. அம்மாவோட சிலுவைப்பாதையும் நல்ல பயிற்சிதான், உட்டுராதீங்க. ஆனா கால மாத்துங்க."

*

திரும்பும் வழியில் ஜெபராணி பின்னாலிருந்து பிரேக் போடவில்லை. அதிலிருந்தே அவள் நிலைமையை லின்சி புரிந்துகொண்டாள்.

சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய செருப்புக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பெண்கள் செருப்பு. லின்சி ஒரு காலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தாள்.

"நான் இந்தக் கடைக்குள்ள போனதே இல்லம்மா."

"வேலைக்குப் போறப்ப தினமும் இப்பிடித்தானே போறே?"

"தாண்டிப் போறேன். உள்ள போனதில்ல. ஃப்ரெண்ட்ஸ் போனா நான் வண்டியப் பாத்துக்கறேன்னு வெளிய நின்னுக்குவேன். எனக்கு ஒசரமெல்லாம் வேண்டாம்மா. கல்யாணத்துக்காகவும் இல்ல. உள்ள போயி, ஒரு ஜோடி எடுத்து, ரெண்டு கால்லயும் போட்டுப் பாக்கோணும். பில் போடச் சொல்லிட்டு அதையே போட்டுட்டு வெளிய நடந்து வரோணும். அவ்வளவுதான்."

நியாயமாக ஜெபராணி அப்போது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு அது வராது. "சிக்னல் உழுந்துபோச்சு, போ கண்ணு" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் லின்சியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளென்று பயந்து ஜெபராணி எட்டிப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபுட்பால் ஆடறீங்களான்னு கேட்டான்! நீ சிலுவைப்பாதைன்னு சொன்ன பாரு..."

"வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு."

"இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்தே மாத்திடறேன். கோயில்ல நடக்கற சிலுவைப்பாதையிலயே."

ஜெபராணி ஸ்கூட்டரிலிருந்து விழாதது அந்தோணியார் புண்ணியம்.

"கோயில்லயா? ஊட்டுல பண்ணிக்கலாம் கண்ணு. இன்னிக்கு நம்ம அன்பியம் முறை. நாமதான் முன்னாடி நிக்கோணும்!"

"அப்ப பதினாலு தடவை நல்லாப் பண்ணலாம்."

"உங்க அத்தை சிலுவை தூக்கறா!"

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜெபராணி பிறந்தது சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் குடும்பத்தில். அங்கே யாரும் ஒற்றை முழங்கால் ஊன்றுவதில்லை. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பட்டுச்சேலை தடுக்க, பீடத்துக்கு முன்னால் இடது முழங்காலை ஊன்றிவிட்டாள். ஆரோக்கியதாஸின் அக்கா சகாயமேரி அதைப் பார்த்துவிட்டார். பூசை முடிவதற்குள் அந்த வரிசை முழுக்கத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்தது. "புதுப் பொண்ணு ஆண்டவர ராஜான்னு நெனச்சுட்டா" என்று சகாயமேரி சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை, இன்றும் எந்த விசேஷ வீட்டிலாவது இலை போடும்போது வெளியே வந்துவிடும்.

அன்றைக்கு ஜெபராணி ஒரு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவளைவிடச் சரியாக முழங்கால் ஊன்றுகிற ஆள் அந்தப் பங்குக் கோயிலிலேயே கிடையாது. மகளுக்கு நடை வந்ததும் முதலில் சொல்லிக்கொடுத்ததே வலது முழங்கால்தான். ஊஞ்சலில் விழுந்து எழுந்த பிறகும், வலிக்கிறது என்று குழந்தை அழுதபோதும் விடவில்லை.

அந்த ஞாபகம் இப்போது ஸ்கூட்டரின் பின்சீட்டில் வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது.

*

கோயில் வாசலில் லின்சி செருப்பை மாற்றிக்கொண்டாள். கோயிலுக்கென்று அப்பா செய்த வெள்ளை ஜோடி.

"தூண் பக்கமா நின்னுக்கறியா?" என்று ஜெபராணி கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"தூணுக்குப் பின்னாடி பிடிமானம் கெடைக்கும். அப்பறம் கைய ஊனீருவேன்."

கணபதியில் அவர்கள் தெருக் குடும்பங்களெல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய அன்பியம். எல்லோரும் முன்வரிசையில் நின்றார்கள். நடுவில் சகாயமேரி, ஆளுயரச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு. சிலுவை தூக்குகிறவர் முழங்கால் ஊன்றத் தேவையில்லை. நிலைக்கு நிலை மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றால் போதும். யார் எப்படி ஊன்றுகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கோயிலிலேயே இல்லை.

ஃபாதர் மைக்கில் முதல் நிலையை அறிவித்தார். எல்லோரும் இறங்கினார்கள்.

லின்சியின் இடது முழங்கால் தரையைத் தொட்டது. வலது கால் முன்னால் நின்றது. எழும்போது அந்தக் கால் நடுங்குவது பாவாடைக்கு மேலேயே தெரிந்தது. பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

ஜெபராணி பழக்கப்படி வலதை ஊன்றி எழுந்தாள். நிமிர்ந்தபோது சகாயமேரியின் கண்கள் நேராக லின்சியின் காலில் இருந்தன.

இரண்டாம் நிலைக்கு நடக்கும்போது காதருகே சகாயமேரியின் குரல் வந்தது.

"ஜெபா, புள்ளைக்குக் கால் தப்புது. பாக்கலியா?"

"பாத்தேனுங்க நங்கை" என்று ஜெபராணி நாத்தனாரிடம் முணுமுணுத்தாள்.

"சொல்லு அவகிட்ட. அல்லாரும் பாக்கறாங்க."

இரண்டாம் நிலையிலும் லின்சி இடதைத்தான் ஊன்றினாள். இந்தத் தடவை எழுவதற்கு இன்னும் நேரமானது. பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் நிலை, இயேசு முதல்முறை கீழே விழுகிறார். ஃபாதர் அதை வாசித்து முடிக்கவும், லின்சியின் வலது கால் சட்டென்று கையை விரிக்கவும் சரியாக இருந்தது. பெஞ்சுக்கு நீட்டிய கை எட்டவில்லை. அவள் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ" என்றது கோயில்.

"தப்பான காலு ஊனுனா இப்படித்தான்" என்றார் சகாயமேரி, சிலுவைக்குப் பின்னாலிருந்து.

லின்சி தானே எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து அடுத்த படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நிமிடத்தில் அவள் திரும்பவும் வலது முழங்காலுக்கே போய்விடுவாள் என்று ஜெபராணிக்குத் தோன்றியது. போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கால் அப்படியே இருக்கும். செருப்புக் கடையும் அங்கேயே இருக்கும்.

நான்காம் நிலை, இயேசு தம் தாயைச் சந்திக்கிறார் என்றார் ஃபாதர்.

ஜெபராணி இடது முழங்காலை ஊன்றினாள்.

அத்தனை வருடத்துக் கணக்கும் சேர்ந்து வலது முழங்காலில் கடகடவென்றது. தோளோடு தோள் ஒட்டி, லின்சியும் இடதையே ஊன்றியிருந்தாள். எழும்போது ஜெபராணிதான் தள்ளாடினாள். லின்சி முழங்கையால் அம்மாவைத் தாங்கினாள்.

"என்ற மேல சாஞ்சுக்க" என்று மகள் கிசுகிசுத்தாள். "அதுவும் எக்சர்சைஸ்தான்."

சகாயமேரியின் வாய் பிளந்தபடி இருந்தது. அடுத்த நிலைக்குப் போகும்போது அதிலிருந்து சொல் வந்தது.

"என்ன ஜெபா, மறுக்கா புதுப் பொண்ணாயிட்டியா?"

அந்தக் கேள்விக்கு ஜெபராணி கல்யாணமான நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். வந்தபிறகு பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.

"ஆமாங்க நங்கை. மொதல்ல ஊனுன காலே சரின்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று பாதிப் பேர் முன்வரிசையைப் பார்த்துத்தான் செய்வார்கள். முன்வரிசையில் இரண்டு பேர், அதிலும் முழங்காலுக்குப் பேர்போன ஜெபராணியே இடதை ஊன்றினால் அர்த்தம் என்ன? ஆறாம் நிலையில் இரண்டாவது வரிசை மாறியது. எட்டாம் நிலையில் நடுப்பகுதி மாறியது. மாறிய வேகத்தில் நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"ஆயர் இல்லத்துல இருந்து பிஷப்போட புது உத்தரவுங்களா?" என்று ஒரு பெரியவர் ஜெபராணியின் முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

"ஆர்.எஸ்.புரத்துல இருந்துங்க" என்றாள் லின்சி.

பத்தாம் நிலையில் ஃபாதர் மைக்கை மூடிக்கொண்டு கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். தவறு தன்னுடையதோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டதென்று நினைக்கிறேன்.

இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையில் எல்லோரும் மௌனமாக, கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்தார்கள். ஃபாதர் கையசைத்ததும் கூட்டம் எழத் தொடங்கியது.

லின்சி பெஞ்சைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அம்மாவின் தோளையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். வலது கால் நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. அவள் எழுந்துவிட்டாள். கோயிலிலேயே கடைசியாக எழுந்தவள் அவள்தான்.

ஜெபராணிக்குக் கண்ணீர் பொங்கியது. துக்க நிலை என்பதால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

முகத்தைத் துடைக்கத் திரும்பியபோதுதான் கடைசித் தூணுக்கு அருகில் ஆரோக்கியதாஸ் நிற்பது தெரிந்தது. சட்டையெல்லாம் கிரீஸ். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

*

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது சகாயமேரி ஜெபராணியை ஓரமாக இழுத்தார். சண்டைக்குத்தான் என்று ஜெபராணி தயாராக நின்றாள்.

"புள்ளையோட காலப் பாக்கற அந்த ரைஹான் தம்பி, மொழங்கால் வலிக்கெல்லாம் பாப்பானா?" என்று சகாயமேரி கிசுகிசுத்தார். "ரெண்டு வருசமா மண்டி போட முடியறதில்ல. அதுனாலதான் சிலுவையப் புடிச்சுட்டு நிக்கறேன். ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாதே."

"சொல்ல மாட்டேனுங்க நங்கை" என்றாள் ஜெபராணி. எந்த விசேஷ வீட்டில், எந்த இலையின் முன்னால் சொல்லலாமென்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தோடு வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனாள். லின்சி தோழிகளோடு உள்ளே மெழுகுவர்த்திகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியதாஸ் தன் வண்டியருகே தனியாக நின்றார்.

"ஏனுங்க, பெரிய கூத்தாயிடுச்சு. புது வருசத்துல இருந்து தப்பான காலுக்குப் பயிற்சி குடுத்துப்போட்டோம்! அந்தத் தம்பி சொன்னதும் எனக்கு உசுரே போயிருச்சு."

"ம்" என்றார் ஆரோக்கியதாஸ்.

அந்த 'ம்' அவளுக்குச் சரியாகப் படவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. எந்தக் கால் என்ற கேள்வியும் இல்லை.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

அவர் வண்டியின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"வலது செருப்புல முன்னாடி முனை மட்டும் பிஞ்சுட்டே இருந்துது. மண்டி போடறப்ப தரையில தேயற கால்தான் அப்படிப் பிய்யும். எடது செருப்புல ஒரு கீறல் இல்ல."

"எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கே தெரியும் ராணி."

ஜெபராணி அவரையே பார்த்தாள். விடியற்காலையில் ஒவ்வொரு நாளும் தங்களுக்குப் பின்னால் நின்று, தங்களோடு சேர்ந்து முழங்கால் ஊன்றிய மனுஷன். மகள் வியர்வை வழிய எழுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பாலுக்காகக் காத்து நின்ற மனுஷன். கால் பலப்படாவிட்டால் டாக்டர் கத்தி வைக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் லின்சி வந்துவிட்டாள். விரலெல்லாம் மெழுகு.

"அப்பா! எப்ப வந்தீங்க? பன்னெண்டாவதுல நான் கை ஊனாம எந்திரிச்சேன், பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு" என்றார் ஆரோக்கியதாஸ். அவர் கண் மகளின் முகத்தில் இல்லை. அந்த வெள்ளைச் செருப்பில் இருந்தது.

லின்சி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "என்னாச்சு ரெண்டு பேருக்கும்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ முன்னாடி போ, நான் அப்பாவோட வாரேன்" என்றாள் ஜெபராணி.

ஆரோக்கியதாஸின் வண்டியில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து பல வருடமாகிறது. ஏறினாள். வழக்கமாகத் தோளைப் பிடித்துக்கொள்ளுகிற கையை, இன்றைக்கு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.